கொல்லத்துக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்

செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்களுக்கும், வருஷா வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் செங்கோட்டைக்காரன். காய்கறி வியாபாரி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சரக்கு எடுத்து, ராத்திரியோடு ராத்திரியாகப் புளியரை ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் தாண்டி, விடியுமுன் கொல்லத்தில் இறக்குவது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரே ஊரை இத்தனை வருஷம் விடியற்காலையில் பார்த்தவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்க வருகிறேன்.

போன வருஷம் என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம். நான் எழுந்து, "கொல்லத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமே, மூணு மணி நேரந்தானே" என்றேன். "கொல்லத்துல பார்க்க என்ன சார் இருக்கு?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மீன் இருக்கிறது, முந்திரிப்பருப்பு இருக்கிறது என்று ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதுதான் இந்த மடல். எந்தப் பள்ளி என்று யாரும் தேட வேண்டாம். நம் பக்கத்தில் எந்தப் பள்ளியில் கேட்டிருந்தாலும் இதே கேள்விதான் வந்திருக்கும்.

அந்தக் கூட்டம் முடிந்து ரெண்டு மாதம் கழித்து ஒரு காரியம் நடந்தது. வயலுக்குப் பட்டா மாற்ற வேண்டி அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில், மடித்த இடமெல்லாம் கிழிந்துபோய், துணி ஒட்டி வைத்த பழைய பத்திரம். என் தாத்தாவின் அப்பா வாங்கிய வயல். மகள் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கொல்லம் ஆயிரத்து நூறாம் ஆண்டு தை மாதம்..." அங்கேயே நிறுத்தி, "அப்பா, நம்ம வயலைக் கொல்லத்துலயா வாங்குனாங்க?" என்று கேட்டாள்.

இல்லை, அது வருஷக் கணக்கு என்றேன். கொல்லம் ஆண்டு கி.பி. 825-ல் தொடங்குகிறது. பத்திரத்தில் உள்ள 1100 தை என்றால் இங்கிலீஷ் கணக்கில் 1925 ஜனவரி. வயலின் விலை ரூபாயிலும் சக்கரத்திலும் எழுதியிருந்தது. அன்றைக்கு நம் ஊர் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்து ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம், சக்கரம் ஒன்றுக்கு 16 காசு. "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துக்கு அப்புறம் வாங்குன வயல்" என்று எங்கள் ஆச்சி சொல்லிக்கொண்டே இருப்பாள். சின்ன வயதில் அது 1999 என்று நினைத்துக் குழம்பியிருக்கிறேன். அது கொல்லம் 1099, ஆடி மாதம், அதாவது 1924 ஜூலையில் திருவிதாங்கூரையே முக்கி எடுத்த பெருவெள்ளம். மலைக்கு அந்தப் பக்கம் இன்றைக்கும் வயசாளிகள் "தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்" என்றுதான் சொல்கிறார்கள். ஆச்சி சொன்னதும் அதே பேர்தான்.

செங்கோட்டை வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைத் தாலுகா கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நமக்கு ஜில்லாத் தலைநகர் கொல்லம்தான். வெள்ளைக்காரர் காலத்தில் கொல்லத்துக்குள்ளேயே, கடலோரமாக, தங்கசேரி என்ற சின்னத் துண்டு மட்டும் திருவிதாங்கூரில் சேராமல் அவர்களுடைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அதாவது செங்கோட்டைக்காரன் திருவிதாங்கூர் பிரஜை, கொல்லம் கடற்கரையில் இருந்தவன் சென்னை மாகாணத்துக்காரன். சமூக அறிவியலில் மொழிவாரி மாநிலப் பிரிப்பு நடத்துகிறீர்கள். அதை வரைபடத்தில் காட்டுவதை விட, சங்கு வளைவின் அடியில் பஸ் ஏறி, தங்கசேரி வளைவின் அடியில் இறங்கினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

பஸ் என்று சொன்னேன். போகும்போதாவது ரயிலில் போங்கள் என்றுதான் உண்மையில் கேட்க நினைக்கிறேன். கொல்லம் – செங்கோட்டைப் பாதை 1904-ல் திறந்தது. திருவிதாங்கூரின் முதல் ரயில் அதுதான். தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1918-ல். மகாராஜா இருந்த ஊருக்குப் பதினான்கு வருஷம் முன்னாலேயே நம் ஊரில் ரயில் கூவியிருக்கிறது. காரணம் துறைமுகமும் வியாபாரமும். மலைக்கு இந்தப் பக்கத்துச் சரக்கும் அந்தப் பக்கத்துச் சரக்கும் கொல்லத்தில் கைமாற வேண்டியிருந்தது. 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். நடுவில் எட்டு வருஷம் ரயில் இல்லை. இப்போது பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் பலர் இந்தக் குகை ரயிலில் ஒருதடவைகூடப் போகாதவர்கள். ஆரியங்காவுக் குகை இருட்டு, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், அப்புறம் புனலூர். 1911-ல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட நம் ஊர் வாஞ்சிநாதன், புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவர். கல்லடை ஆற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்குபாலம் இன்னும் நிற்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் குண்டறை ஸ்டேஷன். கன்னியாகுமரிப் பக்கம் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், 1809 ஜனவரி 11-ல் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து அறிக்கை விட்ட இடம் அந்தக் குண்டறை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாதிப் பாடம் ரயிலிலேயே முடிந்துவிடும்.

சரி, கொல்லத்துக்கு வருவோம்.

ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் சின்னக்கடை. நடுவில் 1944-ல் கட்டிய மணிக்கூண்டு. அங்கிருந்து கடல் பக்கம் இறங்கிப் போகும் மெயின் ரோடு, சாமக்கடை, பாயிக்கடை. எல்லாம் 'கடை'யில் முடிவதைப் பிள்ளைகளே கவனிப்பார்கள். இந்தத் தெருக்கள்தான் பழைய கொல்லம். மாடியில் மரச்சட்டம் போட்ட ஓட்டுக் கட்டடங்கள், கீழே பலகை போட்டு மூடும் கடைகள், உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும் கிட்டங்கி. புதுக் கட்டடங்கள் நெருக்கிக்கொண்டு வருகின்றன. நான் வந்த புதிதில் இருந்த ஓட்டுக்கூரைகளில் எத்தனையோ இப்போது இல்லை. மிச்சம் இருப்பதைப் பிள்ளைகள் இப்போதே பார்த்துவிட வேண்டும் என்று நான் அவசரப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விடியற்காலை நாலரை மணிக்கு இந்தத் தெருவில் நின்று பார்த்தால்தான் தெரியும். மல்லிக்கட்டும் முருங்கைக்காயும் இறங்கும். சுமைதூக்கும் தொழிலாளிகள் தலையில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். வெங்காய மூட்டையை முதுகில் வாங்கும்போது 'ஹூம்' என்று ஒரு சத்தம், எல்லோருக்கும் ஒரே சத்தம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம், விலை பேசும்போது ரெண்டும் கலந்த ஒரு பாஷை. நான் முதல்முதலாக லோடு கொண்டுபோனபோது எனக்கு இருபத்தோரு வயது. லாரி ஓரமாக நின்றவனைப் பார்த்து ஒருவன் "பாண்டி, மாறி நில்லு" என்றான். 'பாண்டி' என்பது அங்கே தமிழனை இளக்காரமாகக் கூப்பிடும் சொல். அது எனக்குச் சுட்டது. திரும்பி ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் நான் சரக்கு இறக்க வேண்டிய கடையின் பெரியவர் (எல்லோரும் 'இக்கா' என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்) வெளியே வந்து அவனை ஒரு பார்வை பார்த்தார். என்னை உள்ளே உட்காரவைத்துக் கட்டஞ்சாயா கொடுத்தார். அப்புறம் வருஷா வருஷம் ஓணத்துக்குக் கணக்கு முடிக்கும்போது அவர் என்னிடம் கேட்பார்: "அண்ணாச்சி, எத்ர கொல்லமாயி கொல்லத்து வருந்நு?" மலையாளத்தில் வருஷத்துக்கே 'கொல்லம்' என்றுதான் பேர். எத்தனை கொல்லமாகக் கொல்லத்துக்கு வருகிறாய் என்று கேட்கிறார். என் மகளின் கேள்வி அவரிடம் போயிருந்தால், நான் சொன்னதைவிட நல்ல பதில் கிடைத்திருக்கும். அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது.

பிள்ளைகள் நாளைக்கு வேலைக்கோ வியாபாரத்துக்கோ மலை தாண்டிப் போகத்தான் போகிறார்கள். நம் பக்கத்தில் அப்படிப் போகாத வீடு இல்லை. போகிற இடத்தில் 'பாண்டி' என்ற சொல்லும் காதில் விழும். நம்மவர்களும் அவர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவது உண்டு. அந்தச் சொல் காதில் விழுவதற்கு முன், இந்த ஊருக்கும் தனக்கும் உள்ள பழக்கம் எத்தனை நூற்றாண்டுப் பழக்கம் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், அது தலைகுனியாது, சண்டைக்கும் போகாது.

எத்தனை நூற்றாண்டு என்பதற்குச் சாட்சி செப்பேட்டில் இருக்கிறது. தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849. சேர அரசன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் சபீர் ஈசோ என்பவர் கட்டிய கிறிஸ்தவப் பள்ளிக்கு (அதாவது தேவாலயத்துக்கு) நிலமும் குடிகளும் உரிமைகளும் கொடுத்து எழுதியது. எழுத்து வட்டெழுத்து. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களைக் காவலாக வைக்கிறது. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பாரசீகப் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டவர்கள் முஸ்லிம்கள், பார்சிகள், யூதர்கள். இந்து அரசர் கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்ததற்கு இவர்கள் சாட்சி. ஏடுகள் இப்போது கோட்டயத்திலும் திருவல்லாவிலும் திருச்சபைகளிடம் இருக்கின்றன, கொல்லத்தில் பார்க்க முடியாது. ஆனால் படம் கிடைக்கிறது. வகுப்பில் காட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள். தமிழா மலையாளமா என்று சண்டை போட இதை இழுக்கவில்லை. அந்த மொழி ரெண்டு பேருக்கும் பாட்டன் வீட்டு மொழி.

அந்தச் செப்பேட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, நிறுவைக்கும் அளவைக்கும் பொறுப்பு யாரிடம் என்று தனியாக எழுதிவைத்திருப்பது. துறைமுகத்தில் எடைக்கல்லும் அளவுகோலும் நம்பிக்கையான கையில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே கவலைப்பட்டிருக்கிறார்கள். தராசு பிடிக்கிற எவனுக்கும் அது புரியும்.

ஐந்நூறு வருஷம் கழித்து, 1340-களில் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இங்கே வருகிறார். மலபாரிலேயே அழகான ஊர்களில் ஒன்று, கடைத்தெரு பிரமாதம் என்கிறார். இங்கே உள்ள வியாபாரிகள் 'சூலி' என்று பேர் உள்ளவர்கள், அவர்களில் ஒருவரே ஒரு கப்பலை அப்படியே வாங்கி, தன் வீட்டுச் சரக்கைக் கொண்டே நிரப்பிவிடுவார் என்றும் எழுதுகிறார். சூலி என்பது சோழியர், அதாவது தமிழ்க் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்கள் என்பார்கள். சாமக்கடைக்கும் துறைமுகத்துக்கும் பக்கத்தில் ஜோனகப்புறம் என்று ஒரு இடம் இருக்கிறது. ஜோனகர் என்றால் நம் சோனகர், முஸ்லிம்களுக்குப் பழைய பேர். கடையநல்லூர்ப் பிள்ளைகளை அங்கே நிறுத்தி அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்கள்.

துறைமுகத்துக்குள் சும்மா நுழைய முடியாது. வெளியே இருந்தே அலைத்தடுப்புச் சுவரையும் கிடங்குகளையும் பார்க்கலாம். 2014-ல் இந்தத் துறைமுகத்தைத் தூர்வாரியபோது சீனக் காசுகளும் பீங்கான் துண்டுகளும் மண்ணோடு வந்தன. உள்ளூர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போனது அப்போது பெரிய பேச்சு. சீனாவுக்கும் கொல்லத்துக்கும் இருந்த கப்பல் போக்குவரத்தைக் காட்ட அதைவிட வேறென்ன வேண்டும்? பிள்ளைகளுக்கு வீட்டுச் சாட்சியும் உண்டு. அம்மா பொரிக்கிற சட்டிக்குச் சீனச்சட்டி என்று ஏன் பேர் வந்தது என்று கேளுங்கள்.

அங்கிருந்து மேற்கே கடலோரம் போனால் வாடி. நம் கடற்கரையிலும் மீன் இறங்கும் இடத்துக்கு வாடிதான். வலை பழுது பார்க்கிறவர்கள் தரையில் உட்கார்ந்து கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசி ஓட்டுவார்கள். கேட்டால் பிள்ளைகளுக்குக் காட்டியும் கொடுப்பார்கள். மீன்வாடை இருக்கும், மூக்கைப் பொத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது அவர்கள் வாசல்.

அடுத்தது தங்கசேரி. 1519-ல் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினார்கள், 1661-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1795-ல் ஆங்கிலேயர். மூன்று பேரும் மாறி மாறிப் பிடித்த கோட்டையில் இப்போது ஒரு சுவர்த் துண்டுதான் நிற்கிறது. நடுவில் மரம் முளைத்துக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். பரவாயில்லை, கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். 1902-ல் கட்டியது, 41 மீட்டர், வெள்ளையும் சிவப்பும் சாய்வுப் பட்டையாகச் சுற்றிக்கொண்டு ஏறும். லிஃப்ட் உண்டு. முடிந்தவர்கள் படியில் ஏறட்டும். மேலே போனதும் காற்று ஆளைத் தள்ளும். தெற்கே துறைமுகம், அதன் கல்சுவர், எறும்பு மாதிரி படகுகள். கிழக்கே திரும்பினால் தென்னந்தலைகளுக்கு நடுவே காயல் பளபளக்கும். அதற்கும் கிழக்கே, வானம் தெளிந்திருந்தால், நீலமாக ஒரு கோடு. நம் மலை.

நான் முதல்தடவை அங்கே ஏறியது வியாபாரத்துக்கு வந்து பதினோரு வருஷம் கழித்துத்தான். அந்த நீலக் கோட்டைப் பார்த்தபோது, குற்றாலத்தில் நனைகிற மலையின் முதுகை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்று தோன்றி வெகுநேரம் நின்றுவிட்டேன். கீழே ஆள் கூப்பிட்டு அனுப்பித்தான் இறங்கினேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயதிலேயே அது கிடைக்க வேண்டும், உங்கள் பிள்ளைகளுக்கும்.

இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. படகு. கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே அஷ்டமுடிக் காயலின் படகுத்துறை. கண்ணாடி போட்ட சொகுசுப் படகு வேண்டாம். அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகு போதும். ஊர்க்காரர்கள் ஏறுவது, கட்டணமும் டவுன் பஸ் மாதிரிதான். சாம்பிராணிக்கொடி பக்கம் போகிற படகில் ஒருதடவை நான் ஏறினேன். தோளில் தோல்பை மாட்டிய கண்டக்டர், சீருடையில் பள்ளிப் பிள்ளைகள், காலியான மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. காயலுக்கு எட்டு முடி, அதாவது எட்டுக் கிளை, அதனால் அஷ்டமுடி. 2002-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வழியில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கட்டிய கயிற்றின் முனையில் ஒரு அலுமினியப் பாத்திரம் மிதந்தது. காலால் சேற்றைத் துழாவுவார், முங்குவார், ரெண்டு கை நிறையச் சிப்பியோடு எழும்புவார், பாத்திரத்தில் போடுவார். 'கக்கா' என்று அங்கே சொல்கிற அந்தச் சிப்பி, குஞ்சு பொரிக்கும் காலத்தில் அள்ளுவதில்லை, சின்னதை எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டு எடுப்பது. அதற்காக 2014-ல் உலக அளவில் சான்று கிடைத்தது. இந்தியாவில் ஒரு மீன்பிடிப்புக்கு அப்படிச் சான்று கிடைத்தது அதுவே முதல்முறை. சுற்றுச்சூழல் பாடத்தில் 'நீடித்த பயன்பாடு' என்று ஒரு வரி வருகிறது, மகள் மனப்பாடம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வரி இங்கே கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். வெளிமாநிலம், மேலிடத்து அனுமதிக்கு அலைய வேண்டும். வேன் என்றால் கேரளா பர்மிட், வரி. உண்மைதான். அதனால்தான் ரயிலில் போய், திரும்பும்போது பஸ்ஸில் வரச் சொல்கிறேன். பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கழிப்பறை? ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் உண்டு, கடைத்தெருவுக்குள் கிடையாது. நடக்கத் தொடங்குமுன் போய்வந்துவிட வேண்டும். கொல்லம் பீச்சில் பிள்ளைகளைக் கடலில் இறக்கவே கூடாது. கரையை ஒட்டியே ஆழம், அலை இழுக்கும். இதில் விளையாட்டு வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். மணலில் உட்கார்ந்து கடலை சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும். கார்த்திகை, மார்கழியில் போகாதீர்கள். ஐயப்ப வண்டிகளில் புனலூர் ரோடு அடைத்துக்கொள்ளும். ஆனி, ஆடியில் மழை. தை, மாசிதான் சரி. கலங்கரை விளக்கத்துக்கு விடுமுறை நாள், நேரம் எல்லாம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், வாசல் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஓட்டாதீர்கள். சின்னக்கடையிலிருந்து தங்கசேரி வரை ஐந்து கிலோமீட்டர் இருக்கும். பாதியாவது நடக்கட்டும். கைபேசியில் படம் எடுப்பதைவிட, ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, கடைப் பலகைகளில் தமிழ் மாதிரியே இருக்கும் சொற்களை எழுதச் சொல்லுங்கள். மலையாள எழுத்து தெரியாதே என்றால், எதிரே வருகிறவரிடம் கேட்கட்டும். பதில் சொல்லாதவர் அந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. போவதற்கு முந்தின நாள், வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் கேட்டுப் பார்த்து, அதில் உள்ள கொல்லம் ஆண்டைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் கிடைக்கும், ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை உள்ள தேதி என்றால் அதில் ஒன்று குறைக்க வேண்டும். செங்கோட்டைப் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமை முழுவதும் பத்திரத்திலும் கல்வெட்டிலும் கொல்லம் ஆண்டு போட்டிருக்கிறார்கள்.

"கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டாம்" என்று அங்கே ஒரு பழமொழி. ஊரைப் பார்த்தவன் வீட்டை மறந்துவிடுவானாம். நான் தினமும் பார்த்துவிட்டு, பகல் பதினோரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவன். எனக்கு அந்தப் பழமொழி பொருந்தவில்லை. ரெண்டு ஊரும் வேண்டும் என்றுதான் இருக்கிறது.

எந்தப் பள்ளி முதலில் கிளம்பினாலும் சரி, அன்றைக்கு நான் கூட வருகிறேன். ஒருநாள் லோடு போகாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. சாமக்கடையில் இக்காவின் மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறார், சொல்லிவைத்திருக்கிறேன். பிள்ளைகள் வந்தால் பழைய தராசையும் எடைக்கற்களையும் எடுத்துக் காட்டுவதாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குக் காய்கறி என் பொறுப்பு. அங்கே தெரிந்த மெஸ் ஒன்றில் சமைத்துக் கொடுப்பார்கள், ஐம்பது அறுபது பிள்ளைகள் வரை தாங்கும். முந்தின வாரம் சொன்னால் போதும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில், கேரளா லோடு ஏற்றும் இடத்தில் கேட்டால் என்னைக் காட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
செங்கோட்டைக் காய்கறி வியாபாரி, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா